அடகு வைக்க முடியாத பெயர்

எதை ஈடாக வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்பதில் பாங்க் குமாஸ்தாவுக்குத் திட்டமான அபிப்பிராயங்கள் உண்டு. நகை வாங்கலாம். வீட்டுப் பத்திரம் வாங்கலாம். காஞ்சிபுரத்தில் உத்தியோகம் பார்த்தாலும் பட்டுப்புடவையை வாங்க மாட்டோம் - ஜரிகையில் வெள்ளி இருக்கிறது என்று யார் சத்தியம் செய்தாலும். அந்த வெள்ளிக்காகவே பழம்புடவை வாங்குகிறவர்கள் தெருவில் வருகிறார்கள். புடவையை எரித்து, மிஞ்சுவதை நிறுத்துப் பார்ப்பது அவர்கள் தொழில். எங்கள் தொழில் கொஞ்சம் நாசூக்கானது.

ஆகவே, 1999-ஆம் வருஷத்துப் புவிசார் குறியீட்டுச் சட்டத்தைப் படித்துக்கொண்டு போனபோது 24-ஆவது பிரிவில் நான் நின்றுவிட்டது தொழில் பழக்கத்தினால்தான். பதிவு செய்யப்பட்ட ஊர்ப் பெயரின் மீதுள்ள உரிமையை யாரும் மாற்றித் தரவோ, உரிமம் கொடுக்கவோ, ஈடு வைக்கவோ, அடமானம் வைக்கவோ முடியாது என்கிறது அந்தப் பிரிவு. அழகான பிரிவு. ஒரு பெயர் கைமாறாமல் ஊரோடு இருக்க வேண்டும் என்று சட்டம் நினைத்திருக்கிறது. நம் சட்டப் புஸ்தகங்களில் கவிதைக்கு மிக அருகில் வருகிற இடம் இது என்று சொன்னால் நண்பர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும். கைமாற முடியாத பெயர் முதலில் யார் கையில் கொடுக்கப்பட்டது என்பதுதான் என் விசாரம்.

சட்டம் 2003-ல் அமலுக்கு வந்தது. இந்தியாவின் ஊர்ப் பெயர்களெல்லாம் பதிவாகிற அலுவலகம் சென்னையில், கிண்டியில் இருக்கிறது. டார்ஜிலிங் தேயிலை முதல் பதிவு. 2005-06-ல் காஞ்சிபுரம் பட்டு. மனுப் போட்டது தமிழ்நாடு சர்க்காரின் கைத்தறி, துணிநூல் துறை. பெயரைப் பொய்யாகப் போட்டு விற்றால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்று வருஷம் வரை சிறை. 50,000 ரூபாய்க்குக் குறையாமல் இரண்டு லட்சம் வரை அபராதம். காகிதத்தில் கெட்டியான ஏற்பாடு.

இதையெல்லாம் நான் படித்ததற்குக் காரணம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளியிருக்கிற ஒருவர். ஐம்பது வயது தாண்டியவர், கூலிக்கு நெய்கிறவர். அவர் நெய்வது கோர்வை. புடவையின் உடலும் கரையும் தனித்தனி நாடாவில் ஓடி, ஒவ்வொரு ஊடையிலும் ஒன்றையொன்று பற்றிக்கொள்கிற நெசவு அது. ஒற்றை ஆளால் ஆகாது. ஒரு பக்கத்து நாடாவைத் தள்ளத் துணை வேண்டும். முன்பு மகன் உட்கார்ந்தான். இப்போது அவன் ஒரகடத்துக்குக் கம்பெனி பஸ்ஸில் போகிறான். அவன் இடத்தில் அம்மா உட்கார்ந்திருக்கிறாள்.

கரை உடலைச் சந்திக்கிற இடத்தில் கோபுரம் கோபுரமாக முனை எழுப்புவது பழைய வழக்கம். ஒரே உயரத்தில், வரிசையாக, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி அவை நிற்கும். இவர் அதைக் கலைத்தார். ஒன்று நெட்டை, இரண்டு குட்டை, மறுபடி ஒரு நெட்டை, பிறகு சற்று வெறுமை. அந்த வெறுமைதான் விஷயம். கவிதையில் ஒரு வரியைப் பாதியில் நிறுத்துகிற தைரியம் எதுவோ அது அதில் இருந்தது. யாரும் கேட்டு அவர் செய்ததல்ல. கடைக்காரர் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொண்டார். வழக்கமான கூலி கொடுத்தார். அடுத்த தீபாவளிக்குள் அந்தக் கரை பல கடைகளின் கண்ணாடிக்குள் வந்துவிட்டது. அதில் பாதி விசைத்தறியில் ஓட்டியது. கோர்வையே கிடையாது, ஜக்கார்டில் கோர்வை மாதிரி எழுதியிருந்தார்கள். எல்லாவற்றின் மேலும் ஊர்ப் பெயர் இருந்தது.

“நீ இங்கிலீஷ் படிச்சவன். இதுக்கு ஒரு சட்டம் இருக்கும் இல்ல தம்பி?” என்று கேட்டார்.

இருக்கிறது. ஒன்றல்ல, மூன்று. 2000-ஆம் வருஷத்து வடிவமைப்புச் சட்டப்படி ஒரு வடிவத்தைப் பதிவு செய்தால் பத்து வருஷமும், கேட்டால் மேலும் ஐந்து வருஷமும் உரிமை உண்டு. ஆனால் வெளியே காட்டுவதற்கு முன்பு பதிவு செய்திருக்க வேண்டும். கடை ஜன்னலுக்குப் போன வடிவம் புதியதல்ல. அதோடு, இன்னொருவருக்காகப் பிரதிபலன் வாங்கிக்கொண்டு செய்த வடிவத்துக்கு உரிமையாளர் அந்த இன்னொருவரே. பாவும் பட்டும் ஜரிகையும் கடைக்காரருடையவை, கூலியும் கொடுத்தாகிவிட்டது என்கிறபோது யாரும் கேட்காமல் எழுந்த அந்த வெறுமை யாருடையது என்று வக்கீல்கள் வாதாடலாம். வாதாட வக்கீல் வேண்டும். அடுத்தது 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம். பதிவு செய்யக்கூடிய வடிவத்தைப் பதிவு செய்யாமல் விட்டு, தொழில்முறையில் ஐம்பது தடவைக்கு மேல் அதைப் பிரதி எடுத்துவிட்டால் பதிப்புரிமை தீர்ந்தது. ஐம்பது புடவை வரைக்கும் அவர் கலைஞர்; ஐம்பத்தோராவது புடவையோடு அந்தப் பட்டம் போய்விடுகிறது.

மூன்றாவது, நான் ஆரம்பத்தில் சிலாகித்த புவிசார் குறியீட்டுச் சட்டம். அது வடிவத்தைக் காப்பதே இல்லை, பெயரைக் காக்கிறது. பெயரை உபயோகிக்கத் தகுதி உள்ளவர் ‘உற்பத்தியாளர்’. கைவினைப் பொருளாக இருந்தால் அதைச் செய்கிறவர் உற்பத்தியாளர் என்று சொல்லிவிட்டு, அந்தப் பொருளில் வியாபாரம் செய்கிறவரும் உற்பத்தியாளரே என்று அடுத்த மூச்சில் சேர்த்துக்கொள்கிறது. தறியில் இருப்பவரும் கல்லாவில் இருப்பவரும் ஒரே சொல்லுக்குள் அடக்கம். இத்தனை பெரிய சமத்துவத்தை வேறு எந்தச் சட்டத்திலும் நான் பார்த்ததில்லை.

முழுவதையும் பொறுமையாகக் கேட்டவர், “அப்ப தறியில ஒக்காந்தவன் எதுல வர்றான் தம்பி?” என்றார்.

இதே கேள்வியை, நெய்கிற வேறு ஊர் ஏதாவது கேட்டிருக்கிறதா என்று தேடிக்கொண்டு போனதில் கானாவுக்கு வந்து சேர்ந்தேன். போட்டெமா போட்டெங் என்கிற அந்த நாட்டு ஆராய்ச்சியாளர் 2011-ல் எழுதிய புஸ்தகத்தின் தலைப்பே ‘காப்பிரைட் சமாசாரம் இங்கே செல்லுபடியாகாது’ என்ற மாதிரி ஒரு வாக்கியம். அசாந்தே, எவே ஜனங்களின் கென்டே துணி பற்றியும் அடிங்க்ரா துணி பற்றியும் அங்கே சட்டம் பட்ட பாட்டைச் சொல்லுகிறது.

கென்டே ஒடுங்கிய தறியில் நாலு விரல்கடை அகலப் பட்டைகளாக நெய்யப்பட்டு, பிறகு பக்கவாட்டில் சேர்த்துத் தைக்கப்படுகிறது. குமாசிக்குப் பக்கத்தில் பொன்விரே என்கிற கிராமம் அதற்குப் பேர் போனது. நமக்குக் காஞ்சி மாதிரி. சில வகைகளை ராஜாவின் அனுமதியில்லாமல் யாரும் உடுத்தக் கூடாது என்றிருந்தது. வெள்ளைக்காரன் சட்டம் வருவதற்கு முன்பே அங்கே ஒரு உரிமை முறை இருந்தது என்று அர்த்தம். அதுவும் நெய்தவன் உரிமை அல்ல, உடுத்தியவன் உரிமை.

ஒவ்வொரு வடிவத்துக்கும் அவர்கள் பெயர் வைக்கிறார்கள். பெரும்பாலும் பழமொழி, இல்லாவிட்டால் ஒரு சம்பவம். குவாமே நிக்ரூமா ஃபத்தியா என்கிற எகிப்தியப் பெண்ணை மணந்த காலத்தில் ‘நிக்ரூமாவுக்கு ஏற்றவள் ஃபத்தியா’ என்று ஒரு துணிக்குப் பெயர் வந்தது. 1966-ல் ராணுவம் நிக்ரூமாவைக் கவிழ்த்ததும் அதே துணிக்கு ‘ஒற்றை ஆள் நாட்டை ஆள முடியாது’ என்று பெயர் ஆயிற்று. நாடா போகிற வழியில் ஒரு இழைகூட மாறவில்லை. துணியின் பெயரைத் தீர்மானிப்பது தறி அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

கானா சர்க்கார் 1985-ல் ஒரு சட்டத்தின் மூலம் நாட்டார் கலைகளின் உரிமையை அரசுக்கு எடுத்துக்கொண்டது. 2005-ல் வந்த சட்டம் அந்த உரிமையை ஜனங்களின் சார்பில், தர்மகர்த்தா முறையில், ஜனாதிபதியிடம் ஒப்படைத்தது. காலவரை இல்லை, என்றென்றைக்கும். வியாபார நோக்கத்தில் உபயோகிக்கிறவர் அனுமதி வாங்கிக் கட்டணம் கட்ட வேண்டும் - அந்நியர் மட்டுமல்ல, கானாக்காரரும். பாட்டி சொன்ன கதையைப் பாட்டாக்குகிறவன் ஜனாதிபதியிடம் சீட்டு வாங்க வேண்டுமா என்று அங்கே பாட்டுக்காரர்களும் எழுத்தாளர்களும் சண்டை போட்டார்கள். சர்க்கார் பக்கத்திலும் நியாயம் இருந்தது. கென்டேயின் நிறங்களை மில் துணியில் அச்சடித்து மலிவாக இறக்குகிறவனை எதிர்த்து நிற்க, பொன்விரேயின் ஒரு நெசவாளியால் ஆகாது. ராஜ்யம் நின்றாக வேண்டும். 2024-ல் யுனெஸ்கோ கென்டே நெசவை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. கௌரவம்தான். ஆனாலும் கென்டே ஜனாதிபதியிடம் இருக்கிறது, காஞ்சிப் பட்டு ஒரு துறையிடம் இருக்கிறது. ஜனாதிபதி நெய்வதில்லை, துறையும் நெய்வதில்லை.

ராஜ்யத்துக்குப் பதிலாகச் சமூகமே உரிமையாளராக இருக்கட்டும் என்றும் ஆப்பிரிக்காவில் யோசித்திருக்கிறார்கள். ஹராரேயைத் தலைமையிடமாகக் கொண்ட ஆப்பிரிக்க வட்டார அறிவுசார் சொத்து அமைப்பு 2010-ல் நமீபியாவின் ஸ்வாகோப்முண்ட் நகரில் ஒரு உடன்படிக்கை செய்தது. 2015-ல் அமலுக்கு வந்தது. மரபறிவும் நாட்டார் கலையும் அவற்றை வளர்த்துக் காத்துவருகிற சமூகங்களுக்கே சொந்தம் என்கிறது அது. கேட்க நன்றாக இருக்கிறது. எங்கள் ஊரில் சமூகம் எழுந்து வரட்டும் என்றால் நாலு பேர் எழுந்து வருவார்கள். அந்த நாலு பேரும் தறியில் உட்கார்ந்து வருஷக்கணக்காகியிருக்கும்.

துணியை விட்டுப் பாட்டுக்கு வந்தால் நிலைமை வேறு மாதிரி தோன்றுகிறது. சாலமன் லிண்டா என்கிற ஜூலு பாடகர் 1939-ல் ஜோஹான்னஸ்பர்கில் ‘ம்பூபே’ என்ற பாட்டைப் பதிவு செய்தார். இசைத்தட்டுக் கம்பெனியில் கூட்டுகிற, மூட்டை கட்டுகிற வேலையில் இருந்தவர். பின்னால் பத்து ஷில்லிங்குக்கு அவருடைய உரிமை எழுதி வாங்கப்பட்டது. 1950-களின் தொடக்கத்தில் அந்தப் பாட்டை அமெரிக்காவில் பிரபலமாக்கிய குழுவின் பெயர் ‘நெசவாளிகள்’ என்பது விதியின் கிண்டல். பிறகு அது பல உருவங்கள் எடுத்து டிஸ்னியின் ‘லயன் கிங்’ வரைக்கும் போயிற்று. லிண்டா 1962-ல் ஏழையாகச் செத்தார். அவருடைய வாரிசுகளுக்காகப் போராடியவர்கள் தோண்டி எடுத்தது, பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் 1911-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில் மறந்துகிடந்த ஒரு விதி: ஆசிரியர் உயிரோடிருந்தபோது எழுதிக் கொடுத்த உரிமை, அவர் இறந்து இருபத்தைந்து வருஷம் கழித்து வாரிசுகளுக்குத் திரும்பும். 2004-ல் வழக்குப் போட்டார்கள், 2006-ல் சமரசமாயிற்று.

அதே 1911 சட்டம்தான், 1914-ல் இந்திய உடுப்பு மாட்டிக்கொண்டு, இங்கேயும் இருந்தது. அது இருந்த காலத்தில்தான் பாரதியின் பாட்டுக்களின் ஒலிப்பதிவு உரிமை ஒரு சினிமாக் கம்பெனியின் கையில் கிடந்தது. 1949-ல் சென்னை மாகாண சர்க்கார் பாரதியின் உரிமைகளைப் பெற்று, பின்னால் ஜனங்களுக்கு விட்டது. அதிலிருந்து நாட்டுடைமை என்பது தமிழ்நாட்டில் ஒரு சடங்காகவே ஆகியிருக்கிறது. நாம் அதைக் கேலி செய்கிறோம்; குடும்பத்துக்குத் தொகை எவ்வளவு என்று விசாரிக்கிறோம். கவனிக்கத் தவறுகிற ஒன்றைச் சொல்கிறேன். பாட்டு எல்லோருடையதும் ஆயிற்று. பெயர் பாரதியோடு நின்றது. பொதுவுடைமையாவதற்காக அவன் பெயரை யாரும் அழிக்கச் சொல்லவில்லை. கென்டேயும் காஞ்சிப் பட்டும் பொதுச் சொத்தானபோது மட்டும், செய்த கைக்கு முன்னாலிருந்தே பெயர் இல்லை. அதனால் அழிக்கவும் தேவைப்படவில்லை.

இங்கே நம்முடைய விமர்சகர்கள் குறுக்கிடுவார்கள் என்று எதிர்பார்க்கிறேன். நம் மரபில் கலைஞன் பெயர் போட்டுக்கொள்வதில்லை, தன்னை அழித்துக்கொள்வதுதான் நம் சிருஷ்டியின் லட்சணம் என்பார்கள். பி.ஏ. வகுப்பில் எலியட்டின் 1919 கட்டுரையைப் படித்தவர்கள் அதையும் துணைக்கு அழைப்பார்கள். கலைஞன் தன் ஆளுமையை மரபிடம் ஒப்புக்கொடுக்க வேண்டும் என்று சொன்ன எலியட், அந்தக் கட்டுரையைத் தன் பெயரில் தொகுத்துப் போட்டுக்கொண்டார் என்பதை மட்டும் விட்டுவிடுவார்கள்.

கைலாசநாதர் கோயிலுக்குப் போய்ப் பார்க்கலாம். பிராகாரத்தைச் சுற்றியுள்ள சின்னச் சின்னச் சன்னதிகளில் ராஜசிம்ம பல்லவனின் விருதுப் பெயர்கள் இருநூறுக்கு மேல் வெட்டியிருக்கிறது. சிற்பி ஒருவனின் பெயர் கிடையாது. தன்னடக்கம் என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறோம். அதே எட்டாம் நூற்றாண்டில் சாளுக்கிய விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தான். இந்தக் கோயிலைக் கொள்ளையிடாமல், அதன் செல்வத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனான். அதைச் சொல்லும் அவனுடைய கன்னடக் கல்வெட்டு இங்கேயே இருக்கிறது. அவன் ராணி லோகமகாதேவி பட்டடக்கல்லில் எழுப்பிய கோயில் நம் கைலாசநாதரின் சாயலைக் கொண்டது. ஆனால் அந்தக் கோயிலில் குண்டன் என்கிற சிற்பியின் பெயரும், சர்வசித்தி ஆசாரி என்கிற தென்னாட்டுச் சிற்பியின் பெயரும், அவர்களுக்கு வந்த மரியாதைகளும் கல்லில் இருக்கின்றன. அதே காலம், அதே சாஸ்திரம், ஏறக்குறைய அதே கோயில். ஒரு இடத்தில் பெயர் இருக்கிறது, ஒரு இடத்தில் இல்லை. ஆகவே பெயர் இல்லாமல் இருப்பது மரபின் இயல்பு அல்ல. யாரோ எடுத்த முடிவு. கல்லை வெட்டக் கூலி கொடுத்தவன் எடுத்த முடிவு.

நாம் எழுதுகிறதற்கு யாரும் கூலி தருவதில்லை, பெயர் போடுகிறார்கள். அவருக்குக் கூலி தருகிறார்கள், பெயர் போடுவதில்லை. முதலாவதைத் தியாகம் என்றும் இரண்டாவதை மரபு என்றும் அழைப்பது நம் வசதிக்காக. பெயர் அச்சாகிறவர்கள் பெயரின்மையின் மகிமையைப் பற்றி எழுதுவதில் ஒரு அசிங்கம் இருப்பதாக எனக்குப் படுகிறது.

சட்டத்தில் ஒரு சின்ன வாசல் இல்லாமல் இல்லை. நெசவாளி தானே மனுப் போட்டு, ‘அங்கீகரிக்கப்பட்ட உபயோகிப்பாளர்’ என்று பதிவேட்டில் ஏறலாம். 2020-ல் விதிகளைத் திருத்தி அதற்கான கட்டணத்தை 500 ரூபாயிலிருந்து 10 ரூபாய்க்கு இறக்கினார்கள். நல்ல காரியம். ஆனால் சொல்லைக் கவனியுங்கள். நெய்கிறவன் உபயோகிப்பாளன். தன் கையால் எந்தப் பெயருக்கு மதிப்பு உண்டாக்கினானோ அந்தப் பெயரின் உபயோகிப்பாளன். அதே பதிவேட்டில், அதே தகுதியில், கடைக்காரரும். நான் கேட்பது பெரிய புரட்சி அல்ல. பதிவேட்டில் நெய்கிறவருக்கு ஒரு பத்தி, விற்கிறவருக்கு வேறு பத்தி. ‘உற்பத்தியாளர்’ என்ற சொல்லிலிருந்து வியாபாரியை இறக்கிவிடுவது. ஒவ்வொரு புடவையிலும், முந்தி முடிகிற ஓரத்தில், நெய்தவரின் பெயர். மில் துணியில் மில்லின் பெயர் ஓரத்தில் ஓடுவதைப் பார்த்து யாரும் மரபு கெட்டது என்று அழவில்லை.

இதை அவரிடம் சொன்னேன். பாவில் அறுந்த இழையைப் பிணைத்துக்கொண்டே, “பேரு போட்டா கூலி ஏறுமா?” என்று கேட்டார்.

“ஏறாது அண்ணே. ஆனா அந்தக் கரைதான் வேணும்னு தேடறவங்க நேரா உங்க வீட்டுக்கு வரலாம்.”

“கடைக்காரன் வுடுவானா?”

விட மாட்டார். காஞ்சிபுரத்தில் நெசவாளிக்குப் பெயர் இல்லாமல் போனதற்கு எலியட்டும் சிற்ப சாஸ்திரமும் தேவைப்படாத விளக்கம் இது ஒன்றுதான். அவருடைய மனைவி அந்தப் பக்கத்து நாடாவைத் தள்ளிவிட்டுக் காத்திருந்தாள். அவர் வேலையைத் தொடர்ந்தார்.